கத்திப் பிடிக்குள் வைத்த சாரம்

1. புகை

முப்பது வருடம் பைபர் போட் திருத்தியவனுக்கு றெசின் பசையைப் பற்றி யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை என்பது என் நினைப்பு. அந்த மிதப்போடுதான் ஒரு மாரிக்காலக் காலையில் பட்டறை வாசலில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால், கிளாம்ப் போட்டு இறுக்கிய அச்சுக்குள்ளிருந்து புகை வருகிறது. உள்ளே இருந்தது தவமணியின் மகன் இடுப்பில் உடுத்த சாரம்.

தவமணி அரியாலையில் மீன் வெட்டுகிறவள். போட் வேலையை விட்டபின் நான் வீட்டுப் பட்டறையில் கத்திப் பிடி செய்வது அவளுக்குத் தெரியும். மரப்பிடி மீன் தண்ணீரில் ஊறி ஆடத் தொடங்கிவிடும். துணியை அடுக்கடுக்காக றெசினில் தோய்த்து இறுக்கினால் கல்லுப்போல ஒரு கட்டை வரும். அதை அறுத்து, ஆளின் கைக்கு ஏற்ப அராவி, பிடிக்குள் போகும் கத்தியின் வாலுக்கு இரண்டு பக்கமும் வைத்து ரிவெட் அடித்தால் தண்ணீர் ஒன்றும் செய்யாது. வழக்கமாகப் பழைய படுக்கை விரிப்புத்தான் போடுவேன்.

அவள் கத்தியோடு ஒரு நீலக் கட்டம் போட்ட சாரத்தையும் கொண்டுவந்தாள். மகன் சீலன் கடலுக்குப் போய்த் திரும்பாத அன்று அது கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. உடலும் கிடைக்கவில்லை.

“அண்ணை, இதைப் பிடிக்குள்ளை வைச்சுத் தாங்கோ. நாள் முழுக்க என்ரை கையுக்கை இருக்கட்டும்.”

“பாதி காணும் தங்கச்சி. மிச்சத்தைக் கொண்டு போ.”

“பெட்டிக்குள்ளை வைச்சால் பூச்சி அரிக்கும். முழுக்கப் போடுங்கோ.”

முழுவதையும் போட்டேன். கட்டை நாலு விரல் தடிப்பு வந்தது.

2. இரண்டாவது மூடி

மாரிக் குளிரில் றெசின் இறுகப் பஞ்சிப்படும், நேரமெடுக்கும். அதனால் போட்காரர் நாங்கள் றெசினை இறுக்கும் ஹாட்னரைக் கொஞ்சம் கூட்டி ஊற்றுவோம். போட்டில் பூசுவது மெல்லிய தட்டு. இறுகும்போது வரும் சூடு காற்றோடு போய்விடும். தடித்த கட்டையில் சூடு போக வழியில்லை. இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும், பழகின கை இரண்டாவது மூடி ஹாட்னரையும் ஊற்றிவிட்டது.

அச்சைத் திறந்தபோது கட்டை நடுவால் பிளந்து கருகிக் கிடந்தது. ஒரு துண்டும் தேறவில்லை. வேலை செய்யும் வாங்குப் பலகையிலேயே குந்தியிருந்து அழுதேன்.

அதோடு நின்றிருக்கலாம். கருகின கட்டையை வாங்குக்குக் கீழே ஒளித்துவிட்டு, யாழ்ப்பாணம் போய் அதே நீலக் கட்டத்தில் ஒரு சாரம் வாங்கினேன். சலவைச் சோடா போட்டு அவித்து நிறத்தை மங்க வைத்தேன். இந்த முறை ஹாட்னரைக் குறைத்து, மெல்லிய தட்டுகளாக, நாலு நாள் பொறுமையாகச் செய்தேன். என் வாழ்நாளில் செய்த பிடிகளில் அதுதான் திறமானது.

3. மூட்டுத் தையல்

தவமணி பிடியைப் பெருவிரலால் தடவிக்கொண்டே நின்றாள்.

“வடிவாய் வந்திருக்கு அண்ணை. அவன்ரை கையைப் பிடிச்ச மாதிரிக் கிடக்கு.”

அப்போதுதான் வாங்கின் மூலையில் கிடந்த புதுச் சாரத்தின் மிச்சத் துணி அவள் கண்ணில் பட்டது. எடுத்து ஒளிக்க மறந்துபோயிருந்தேன்.

“உது என்ன? முழுக்கப் போடச் சொன்னனான் எல்லே?”

எடுத்து விரித்துப் பார்த்தாள். சாரத்தை மூட்டும் தையல் அந்தத் துண்டில் இருந்தது.

“சீலன்ரை சாரம் நான் கையாலை மூட்டினது. இது மிசின் தையல்.”

கருகின கட்டையை வெளியில் எடுத்தேன். நடந்ததைச் சொன்னேன். அவள் கத்தவில்லை.

“எரிஞ்சு போச்சுதெண்டு சொல்லியிருக்கலாமே அண்ணை. நான் கடலோடையே கோவிக்காத மனிசி.”

கட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு, “பிடியைக் கழட்டுங்கோ” என்றாள்.

அவள் பார்த்துக்கொண்டிருக்க, நான் அடித்த ரிவெட்டை நானே துளைத்து எடுத்தேன். வெறும் கத்தியையும் கருகின கட்டையையும் சீலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு போய்விட்டாள்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். தடித்த கட்டைக்கு ஹாட்னரைக் குறையுங்கள். பிழை விட்டால், விட்ட அன்றே போய்ச் சொல்லுங்கள்.

நான் இப்போதும் தவமணியிடம்தான் மீன் வெட்டக் கொடுக்கிறேன். கத்தியின் வாலில் சைக்கிள் ரியூப்பைச் சுற்றிக் கட்டியிருக்கிறாள். அது வழுக்குகிறது. குனிந்த தலை நிமிராமல் துப்புரவாக வெட்டித் தருகிறாள். முந்தியென்றால் “எப்பிடி அண்ணை?” என்று கேட்பாள்.