புட்டியைத் தூக்கிக் காட்டிய மேடம்

அந்தப் பெண்ணை ஊர் முன்னால் அசிங்கப்படுத்தியது நீங்கள்தான், மேடம்.

செய்யூர் பக்கம் எங்கள் ஊரில் தாய்ப்பால் வாரக் கூட்டம். சுகாதாரத் துறையிலிருந்து நீங்கள் பேச வந்தீர்கள். கஞ்சி போட்ட காட்டன் சேலை, கழுத்தில் அடையாள அட்டை. பேச்சுக்கு நடுவே மைக்கை நகத்தால் தட்டிக்கொண்டே இருந்தீர்கள். காய்ச்சல் வந்த தாயும் பால் கொடுக்கலாம் என்றீர்கள். சரிதான்.

பிறகு மைக்கோடு கீழே இறங்கி, முன்வரிசையில் ஒருத்தியின் குழந்தை வாயிலிருந்து பால் புட்டியை உருவித் தூக்கிக் காட்டினீர்கள்.

"மகாராணிக்கு அழகு கெட்டுடுமோ?"

கூட்டம் சிரித்தது.

"எனக்கு கேன்சருக்கு ஊசி போட்டுகினு கீறாங்க மேடம். மருந்து பால்ல எறங்குமாம். குடுக்கவே கூடாதுன்னாரு டாக்டரு."

அவள் பேசும்போது மைக்கைக் கையால் பொத்தினீர்கள். பக்கத்தில் இருந்த எனக்கு மட்டும்தான் கேட்டது. கையை எடுத்து, "இந்தக் காலத்துப் பொண்ணுங்களுக்கு ஆயிரம் சாக்கு" என்றீர்கள்.

"நல்லா நறுக்குன்னு கேளுங்க மேடம்" என்றாள் பின்னாலிருந்து ஒருத்தி.

புட்டியைத் தரையில் வைத்துவிட்டு மேடையேறினீர்கள். ரப்பரில் மண் ஒட்டியிருந்தது. பிள்ளை பசியில் கத்தியது.

யார் பால் கொடுக்கக் கூடாது என்பது உங்களுக்குத் தெரியாததா? தெரிந்தும் ஏன் பொத்தினீர்கள் என்பதுதான் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

நான் சொல்லியும் ஊர் நம்பவில்லை. மேடையில் பேசியவர் நீங்கள். அதே ஜனங்கள் முன்னால் வந்து சொல்லுங்கள்: அவள் தன் பிள்ளைக்கு அந்த மருந்தையா ஊட்டியிருக்க வேண்டும்?