வடக்குப் பார்த்த ஜட்கா

ஸ்ரீரங்கத்தில் புறப்பட்டு, காவிரிப் பாலம் ஏறி இறங்கி, மெயின்கார்டு கேட், பாலக்கரை, ரயில்வே கேட் என்று மன்னார்புரம் வரைக்கும் போகிற சாலையில் ஜனங்கள் பல காரியமாகப் போனார்கள். கோர்ட்டுக்குப் போனார்கள், காலேஜுக்குப் போனார்கள், கத்தரிக்காய் விற்கப் போனார்கள். உயிர் போவதற்குள் வீடு வந்து சேருகிற வழியாக மட்டும் அந்தச் சாலையைப் பார்த்தவர் எங்கள் வீதி சாரங்கபாணி ஐயங்கார் ஒருவர்தான்.

அவர் தாலுகா ஆபீஸில் ஹெட் கிளார்க்காக இருந்து ரிடையரானவர். உத்தியோக காலத்தில் தினமும் பாலத்தைக் கடந்து டவுனுக்குப் போய்ச் சாயங்காலம் திரும்புவார். அப்போதெல்லாம் அக்கரையில் செத்துப்போக அவருக்கு ஆட்சேபணை இருந்ததாகத் தெரியவில்லை. பென்ஷன் வந்த மாதமே ஞானமும் வந்துவிட்டது. காவிரி, கொள்ளிடம் இரண்டு ஆற்றுக்கும் நடுவே, பெருமாள் இருக்கிற இடத்தில்தான் உடம்பு விழ வேண்டும், அக்கரையில் விழுந்தால் மோட்சம் போச்சு என்று தீர்மானித்துவிட்டார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அவருக்கும் அவர் மனைவி வேதவதிக்கும் எப்போதோ பரந்யாசம் ஆகியிருந்தது. ஆசார்யன் மூலமாகத் தன் பாரத்தையெல்லாம் பெருமாளிடம் ஒப்படைத்துவிடுகிற சடங்கு அது. ஒப்படைத்தவர் உடம்பு எங்கே விழுந்தாலும் மோட்சம் நிச்சயம், அப்புறமும் கவலைப்படுவதுதான் தப்பு என்பது சம்பிரதாயம். எதிர்வீட்டு சௌரிராஜன் இதை எடுத்துச் சொன்னதற்கு, சாஸ்திரம் சரிதான், ஆனாலும் ஜாக்கிரதையாக இருப்பதில் நஷ்டம் இல்லையே என்றாராம். ஆபீஸில் ஊறின மனுஷர். ஆர்டர் கையெழுத்தாகிவிட்டது என்று பெருமாளே சொன்னாலும், கைக்கு வந்து சேரும்வரை நம்பமாட்டார்.

இவ்வளவு வைராக்கியம் உள்ளவர் வீட்டிலேயே கிடந்திருக்கலாம். நாக்கு விடவில்லை. பெண் பூமாவை மன்னார்புரத்தில் கொடுத்திருந்தார். மாப்பிள்ளை தேசிகன் பொன்மலை ரயில்வேயில் குமாஸ்தா. அப்போது அந்தப் பக்கம் சுற்றிலும் வயலும் நடுவே நாலைந்து வீடுகளுமாக இருக்கும். பண்டிகை, விசேஷம் என்றால் வேதவதி முன்னாலேயே போய்ப் பெண் வீட்டு அடுப்படியில் நுழைந்துவிடுவாள். அம்மாவும் பெண்ணும் சேர்ந்து செய்கிற அக்காரவடிசலை விட்டுவிட்டு மோட்சத்துக்குக் காத்திருக்க ஐயங்காரால் முடியவில்லை.

அதற்காக ஓர் ஏற்பாடு செய்துகொண்டார். பஷீர் அகமதின் ஜட்காவை நாள் முழுவதற்கும் வாடகை பேசிக்கொண்டு போவார். மன்னார்புரத்தில் இறங்கியதும் வண்டியைத் திருப்பி, ஸ்ரீரங்கம் இருக்கிற வடக்குப் பார்த்து நிறுத்த வேண்டும். குதிரையை அவிழ்க்கக் கூடாது. இலையில் உட்கார்ந்தால் குதிரை கண்ணில் பட வேண்டும் என்பதற்காக வாசல் கதவைச் சாத்தவும் கூடாது. ஆனால் அவர் சாப்பிடுவதை பஷீர் பார்க்கக் கூடாது. ஆகவே பஷீர் வண்டிக்குப் பின்னால் மறைந்து நிற்க வேண்டும். குதிரை பார்த்தால் தோஷம் இல்லை போலிருக்கிறது.

மூன்றாவது கரண்டி அக்காரவடிசல் இலையில் விழுந்து உள்ளே போனதும் அவருக்கு மார்பை என்னவோ செய்யும். கிளப்பு வண்டியை என்று கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் ஏறுவார். ரயில்வே கேட் சாத்தியிருந்தால் கேட்காரரிடம் தன் ஆத்மாவின் அவசரத்தை விளக்குவார். கேட்காரரோ ரயில் போன பிறகுதான் திறப்பார். ஒரு வழியாகப் பாலத்தில் ஏறி, தென்னந்தோப்புகளுக்கு மேலே கோபுரம் தலை காட்டியதும் காவிரிக் காற்று முகத்தில் அடிக்கும். பெரிதாக ஓர் ஏப்பம் வரும். மார்பு சரியாகிவிடும். பெருமாள் கிருபை என்று கன்னத்தில் போட்டுக்கொள்வார். வீட்டுக்கு வந்ததும், சாப்பிடாமல் விட்டு வந்த தயிர்சாதத்தை நினைத்து வருத்தப்படுவார். வருஷக்கணக்கில் இப்படியே நடந்தது.

பேரனுக்கு ஆண்டு நிறைவு வந்தது. வேதவதி இரண்டு நாளாக ஜுரத்தோடு புகையில் வெந்துகொண்டிருந்தாள். பந்தி நடக்கும்போது கரண்டியோடு அப்படியே சாய்ந்துவிட்டாள். உடம்பு அனலாகக் கொதித்தது. உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும், நல்லவேளையாக வண்டி தயாராக நிற்கிறது என்று தேசிகன் வாசலுக்கு ஓடினார். வண்டிக்குள் மாமனார் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். கை மார்பில் இருந்தது.

பின்னாலேயே பூமா ஓடிவந்தாள். "அப்பா, இறங்குங்கோ. அம்மாவை டாக்டர்கிட்ட அழைச்சுண்டு போகணும்" என்றாள்.

"அவளுக்கு என்ன பயம்? பரந்யாசம் ஆனவதானே. உடம்பு எங்கே இருந்தா என்ன?" என்றார் ஐயங்கார். பஷீர் தயங்கினார். கிளப்பு என்று ஐயங்கார் அவரை அதட்டிக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

கூடத்தில் கிடந்த வேதவதிக்கு இது ஒரு சொல் விடாமல் காதில் விழுந்தது. வாசல் கதவுதான் அவர் உத்தரவுப்படி திறந்திருந்ததே. எனக்கு இன்றைக்கு நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது. பக்கத்து வயலில் வேலையாக இருந்த அம்மாசி தன் மாட்டு வண்டியைப் பூட்டிக்கொண்டு வந்து அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்தார். ஐயங்காருக்குப் பாலத்தின் மேல் வழக்கம்போல ஏப்பம் வந்தது.

வேதவதி பிழைத்துப் பெண் வீட்டுக்குத் திரும்பினாள். உடம்பு தேறியது என்று தெரிந்ததும், அழைத்துவர ஐயங்கார் பஷீரை அனுப்பினார். வண்டி காலியாகத் திரும்பிவந்தது. சௌரிராஜனைத் தூது அனுப்பினார். அவரிடம் வேதவதி கோபமே இல்லாமல் பேசினாளாம்.

"எனக்குத்தான் பரந்யாசம் ஆயாச்சே. உடம்பு எங்கே இருந்தா என்னன்னு அவரே சொல்லிட்டார். இது இங்கேயே இருக்கட்டும்."

ஐயங்காருக்கு உப்பு எந்த ஜாடியில் இருக்கிறது என்றுகூடத் தெரியாது. பிறத்தியார் கை பட்ட சாதம் ஆசாரத்துக்கு ஆகாது. தானே வடித்தார். ஒரு நாள் குழைந்தது, ஒரு நாள் தீய்ந்தது. வேஷ்டி இடுப்பில் நிற்காத நிலை வந்ததும், தானே நேரில் போய்க் கெஞ்சிக் கூட்டிவருவது என்று ஜட்காவில் ஏறினார். பாலக்கரை வரை தைரியமாகத்தான் இருந்தார். ரயில்வே கேட் சாத்தியிருந்தது. கேட்டைப் பார்த்ததும் மார்பை என்னவோ செய்தது. திருப்பு என்றார்.

பாலத்தின் நடுவில் வண்டியை நிறுத்தச் சொல்லிக் காத்திருந்தார். கோபுரம் தெரிந்தது, காற்று அடித்தது, ஏப்பம் மட்டும் வரவில்லை. காலையில் தீய்ந்த சோற்றில் நாலு பருக்கை தின்றவருக்கு ஏப்பம் எங்கிருந்து வரும்? மார்பைப் பிடித்த பயம் அப்படியே இருக்க வீட்டுக்கு வந்து படுத்தார். அதற்கப்புறம் பாலத்தைத் தாண்டவில்லை.

யுத்த காலத்தில், ஆசைப்பட்டபடியே இரண்டு ஆற்றுக்கும் நடுவில் செத்துப்போனார். வேதவதி வந்தாள். செய்ய வேண்டியதையெல்லாம் குறைவில்லாமல் செய்தாள், அழவும் செய்தாள். பதின்மூன்றாம் நாள் காலை பஷீரின் ஜட்கா தெற்குப் பார்த்து வாசலில் வந்து நின்றது. குதிரையை அவிழ்க்க வேண்டாம் என்று அவள் முன்கூட்டியே சொல்லி அனுப்பியிருந்தாள்.