சுவிட்சில் தொங்கிய சிவப்பு அட்டை

சென்ற மார்கழியில் எங்கள் அப்பாவை வழியனுப்பக் குன்னூர் வரை வந்த உறவினர்களிடம் முதலில் ஒரு மன்னிப்பைக் கேட்டுக்கொள்கிறேன். சுடுகாட்டிலிருந்து திரும்பிய உங்களுக்குக் குளிக்க எங்கள் வீட்டுக் குழாயிலிருந்து ஒரு வாளி வெந்நீர் தர முடியவில்லை. கீசர் இருந்தது. கரண்டும் இருந்தது. சுவிட்சில் அப்பாவின் சிவப்பு அட்டை தொங்கியது. அது ஏன் என்று விளக்கும் நிலையில் அன்று நாங்கள் இல்லை. ஓராண்டு நிறைவில் அந்த விளக்கத்தை எழுதுவது மூத்த மகளான என் கடமை.

அப்பா பிறந்தது மேட்டுப்பாளையம் பக்கத்தில், பாக்குத் தோப்பை ஒட்டிய ஒரு வீட்டில். ஐந்து பிள்ளைகளில் நாலாவது. தகப்பனாரைச் சிறு வயதிலேயே இழந்தவர், மண்டியில் மூட்டை தூக்கிக்கொண்டே படித்தார். வேறு ஊரில் மின்வேலைப் பயிற்சியில் இருந்தபோது, உடன் பயின்ற ஒரு நண்பரைப் பறிகொடுத்தார். கம்பத்தின் மேல் ஆள் இருப்பதைப் பார்க்காமல் யாரோ சுவிட்சைப் போட்டுவிட்டார்கள். யார், எங்கே என்று கடைசி வரை எங்களிடம் சொன்னதில்லை. பிறகு குந்தா மின்நிலையத்தில் வேலை கிடைத்து மலையேறியபோது அவரிடம் இருந்த ஒரே ஸ்வெட்டர் பெரியப்பாவுடையது.

அந்த வேலையில் ஒரு முறை உண்டு. லைனில் ஏறுகிறவர் சுவிட்சை அணைத்து, தன் பெயர் எழுதிய சிவப்பு அட்டையை அதில் மாட்டிவிட்டு ஏறுவார். மாட்டியவர்தான் கழற்ற வேண்டும். மந்திரியே வந்து சொன்னாலும் வேறொருவர் தொடக் கூடாது. திரும்பச் சுவிட்ச் போடுமுன் ஏறிய ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். அவர் "இறங்கியாச்சு" என்று பதில் கொடுக்க வேண்டும். இந்த முறையை அப்பா மின்நிலையத்து வாசலிலேயே விட்டுவிட்டு வந்திருந்தால் எங்கள் பிள்ளைப் பருவம் மற்றவர்களுடையதைப் போலக் கழிந்திருக்கும்.

அம்மா பள்ளி ஆசிரியை. காலை எட்டு மணிக்குக் கிளம்பினால் மாலை ஐந்துக்குத்தான் திரும்புவார். ஷிப்ட் வேலை என்பதால் பகலில் பெரும்பாலும் வீட்டில் இருப்பவர் அப்பா. ஆறு வயதில் நான், நாலு வயதில் தம்பி, மூன்றுகூட நிரம்பாத தங்கை என்று மூவரையும் கட்டி மேய்த்தவர் அவர்தான். தங்கையை இன்றுவரை பாப்பா என்றே அழைக்கிறோம். ஒரு நாள் தம்பி, உள்ளே என்ன சுற்றுகிறது என்று பார்க்க ஓடிக்கொண்டிருந்த மிக்சி ஜாருக்குள் கரண்டியை விட்டான். அன்று மாலையே அப்பா காலண்டர் அட்டையை வெட்டி, சிவப்பு வண்ணம் அடித்து, வீட்டில் ஆளுக்கொன்று செய்தார். பாப்பாவுக்கு எழுத்துத் தெரியாது என்பதால் அவள் அட்டையில் முயல் வரைந்தார். அது பெருச்சாளி போல இருந்தது. பாப்பா அதை முழு மனதோடு ஏற்றுக்கொண்டு, வீட்டுக்கு வந்தவர்களிடம் கொஞ்ச நாள் தன் பெயரே பெருச்சாளி என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஆபத்து என்று தோன்றும் எதிலும் யாரும் அட்டை மாட்டலாம், பிள்ளைகள் மாட்டியதைப் பெரியவர்களும் மதிக்க வேண்டும் என்றார் அப்பா. அங்கேதான் அவர் ஏமாந்தார். மறுநாளே தம்பி தன் அட்டையை உப்புமா வாணலியில் மாட்டிவிட்டுத் தூங்கிப்போனான். பசியோடு வந்த அம்மா, ரவை வறுக்காமல் கிடப்பதைப் பார்த்துக் காரணம் கேட்டார். லைனில் ஆள் இருப்பதாக அப்பா பதில் சொன்னார். அன்று எல்லோருக்கும் பன்னும் டீயும்தான். நான் சனிக்கிழமை எண்ணெய்க் குளியலைத் தடுக்கச் சீயக்காய் டப்பாவில் மாட்டினேன். அப்பா தன் அட்டையைக் கொண்டுபோய் டிவியில் மாட்டினார். அரை மணி நேரத்தில் இரண்டு அட்டைகளும் இறங்கின.

பாப்பா செய்ததுதான் ஊரறிந்த கதை. அப்பா டூட்டிக்குப் போகக் கூடாது என்று அவருடைய ஸ்வெட்டர் பொத்தானில் பெருச்சாளியை மாட்டிவிட்டாள். அப்பா கெஞ்சினார், கடலை மிட்டாய் கொடுத்தார். மிட்டாயை வாங்கித் தின்றாளே தவிர அட்டையைக் கழற்றவில்லை. வெளியே வண்டி ஹாரன் அடித்தது. அப்பா அம்மாவின் ரோஸ் கலர் சால்வையைப் போர்த்திக்கொண்டு வண்டி ஏறினார். கூட வேலை பார்த்த போஜன் மாமா, ஓய்வு பெறும் வரை அந்தச் சால்வையைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். சின்னப் பிள்ளை மாட்டியதுதானே, கழற்றி எறிந்துவிட்டு வர வேண்டியதுதானே என்று அன்று அவர் கேட்டாராம். அப்பா சொன்ன பதிலை மாமாதான் எங்களுக்குச் சொன்னார்.

"இன்னைக்கு அவ கார்டை நான் கழட்டுனா, நாளைக்கு என் கார்டை அவ கழட்டுவா."

மிக்சியோ மோட்டாரோ எதைப் போடுவதானாலும் முதலில் எங்கள் பெயர்களை வரிசையாகக் கூப்பிடுவார். எங்கிருந்தாலும் "இறங்கியாச்சு" என்று குரல் வந்தாக வேண்டும். கழிப்பறையிலிருந்து தம்பி கொடுத்த குரல்கள் அக்கம்பக்கத்தாருக்கெல்லாம் பழக்கம். இதற்கு வளையாதவர் அம்மா ஒருவர்தான். அப்பா ஃபியூஸ் மாற்றி முடித்ததும் மெயின் சுவிட்சைப் போடுகிறவர் அம்மா. முறைப்படி அப்பாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். கட்டியவர் பெயரைச் சொன்னால் அவருக்கு ஆயுள் குறையும் என்று மறுத்துவிட்டார். தன் வகுப்பில் அப்பாவின் பெயர் கொண்ட ஒரு மாணவனை வருடம் முழுவதும் "முதல் பெஞ்சு" என்றே அழைத்தவர் அவர். கடைசியில் "ஏனுங்க" என்றால் போதும் என்று அப்பா ஒப்புக்கொண்டார். தன் விதியை அவர் தளர்த்தியது அம்மாவுக்காக மட்டும்தான்.

எங்களை அவர் அடித்ததில்லை. எங்கள் பேச்சை அற்பமாக நினைத்ததும் இல்லை. அவர் கையில் வளர்ந்ததைப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறோம்.

ஓய்வு பெற்றுக் குன்னூரில் வீடு கட்டிய பின் என் மகளுக்கும் ஓர் அட்டை கிடைத்தது. சென்ற மார்கழியில் ஒரு காலை, குளிக்கப் போன அப்பா குளிக்காமலே திரும்பி வந்து கீசர் சுவிட்சை அணைத்துத் தன் அட்டையை மாட்டியதை நான்கு வயதான அவள் ஒருத்திதான் பார்த்தாள். காரணம் சொல்வதற்குள் அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்துவிட்டது. கோவை மருத்துவமனையில் மூன்றாம் நாள் காலமானார்.

சுடுகாட்டிலிருந்து திரும்பிய அன்று குளிரில் நடுங்கிக்கொண்டு நின்ற சித்தப்பா, வெறும் காலண்டர் அட்டைதானே என்று கை நீட்டினார். என் மகள் சுவிட்சுக்கு அடியில் போய் நின்றுகொண்டாள்.

"அது தாத்தா கார்டு. தாத்தா இன்னும் இறங்கல."

எனக்குக் கோபம்தான் வந்தது. அத்தனை பேர் விறைத்துக்கொண்டு நிற்கும்போது இந்த விளையாட்டு எதற்கு என்று நானே அட்டையில் கை வைத்தேன். அழுதுகொண்டிருந்த அம்மா நிமிர்ந்து, "விட்டுரு கண்ணு, அது அவரு கார்டு" என்றார். கையை எடுத்துவிட்டேன்.

எதிர்வீட்டு ஜமீலா அக்காவும் அந்தத் தெருப் பெண்களும் விறகடுப்பு மூட்டிக் குடம் குடமாக வெந்நீர் சுமந்து வந்தார்கள். அடுத்த மூன்று நாளும் எங்கள் வீட்டுக்குச் சாப்பாடு அவர்கள் அடுப்பில்தான் வெந்தது. பனியில் ஆம்புலன்ஸை அவசரமாகவும் பத்திரமாகவும் கோவைக்கு இறக்கிய ஓட்டுநருக்கும், அப்பாவுடன் பணியாற்றி அவரைத் தோளில் சுமந்த நண்பர்களுக்கும், குறை சொல்லாமல் வரிசையில் நின்று குளித்த உறவினர் அனைவருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டது.

அப்பா போன ஐந்தாம் நாள் போஜன் மாமா டெஸ்டருடன் வந்து கீசரைத் திறந்தார். உள்ளே தண்ணீரைச் சூடாக்கும் கம்பிச் சுருள் வெடித்திருந்தது. எர்த் வயரும் அறுந்திருந்தது. சுவிட்சைப் போட்டு முதலில் குழாயைத் தொட்டவர் பிழைத்திருப்பது கடினம் என்றார். நான் கை வைத்த அட்டை அது. அன்று என் மகளுக்குச் சொல்லாத நன்றியை இங்கே எழுதி வைக்கிறேன்.

மாமா எல்லாவற்றையும் மாற்றி முடித்துக் குளியலறை வாசலில் வந்து நின்றார். அம்மா சுவிட்சுக்குப் போனார். என்னைக் கூப்பிட்டார். இறங்கியாச்சு என்றேன். தம்பி, பாப்பா, என் மகள் என்று வரிசையாகக் கூப்பிட்டார். எல்லோரும் பதில் சொன்னோம். பிறகு அட்டையில் எழுதியிருந்த பெயரைப் பார்த்தார். வாழ்நாளில் ஒரு முறையும் தன் வாயால் சொல்லாத அந்தப் பெயரை, வகுப்பில் வருகைப் பதிவு எடுப்பது போல, இனிஷியலோடு தெளிவாகச் சொல்லிக் கூப்பிட்டார்.

போஜன் மாமாதான் பதில் கொடுத்தார்.

"அவரு இறங்கியாச்சுங்க. நீங்க போடுங்க."

அம்மா அட்டையைக் கழற்றி என் மகள் கையில் கொடுத்துவிட்டுச் சுவிட்சைப் போட்டார்.