முகமில்லாத இசைத்தட்டு

சைகோனில் இசைத்தட்டு வெளியிடும் ஒரு சிறிய நிறுவனத்தில் விளம்பரம் எழுதுவது என் வேலை. பெரிய சந்தைக்குப் பின்தெருவில் இருந்தது அந்த வீடு. கீழே கடை, மாடியில் ஒலிப்பதிவு அறை. நகரத்தின் சீனர் பகுதியான சோலோனைச் சேர்ந்த ஒரு சீனத்து விதவை அதை நடத்தினார். நாங்கள் முதலாளியம்மா என்போம்.

என் வாப்பா காரைக்காலிலிருந்து துணி விற்க வந்து, மிதோ பக்கத்துப் பெண்ணைக் கட்டிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டவர். அவரிடம் தமிழ், அம்மாவிடம் வியட்நாமியம், பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு என்று மூன்று மொழியில் வளர்ந்தேன். எந்த மொழியிலும் ஒருவரைப் பெரிதாக்கிப் பேச வரும் என்பதால்தான் முதலாளியம்மா என்னைச் சேர்த்துக்கொண்டார். இசைத்தட்டு உறையின் பின்னட்டை, பத்திரிகைக் குறிப்பு, வானொலிக்காரர்களுக்கு வாங்கிக் கொடுக்கும் ஐஸ் காப்பி எல்லாம் என் பொறுப்பு. புதிதாக ஒரு பாடகி வந்தால் அவள் பிறந்த ஊர், பிடித்த பூ, அவள் அழுத ஒரு சம்பவம் இவ்வளவு கிடைத்தால் போதும், மீதியை நானே எழுதிவிடுவேன்.

எங்களிடம் இயந்திரங்களைப் பழுது பார்க்க ஒருவன் இருந்தான். இருபத்தைந்து வயது இருக்கும். மெலிந்தவன், அதிகம் பேசமாட்டான். ராணுவ முகாமிலிருந்து ஓடி வந்தவன் என்று எனக்கும் முதலாளியம்மாவுக்கும் மட்டும் தெரியும். அவன் பையில் இருந்த அடையாள அட்டை இறந்துபோன ஒருவருடையது. நகரத்தில் ராணுவப் போலீஸ் திடீர் திடீரென்று தெருவின் இரு முனைகளையும் அடைத்து இளைஞர்களைச் சோதிக்கும். விசில் கேட்டால் அவன் ஒலிப்பதிவு அறையின் பலகைச் சுவருக்குப் பின்னால் போய் நின்றுகொள்வான். நான் கீழே கடைவாசலில் நின்று சிரித்த முகத்தோடு துடைப்பத்தால் பெருக்குவேன். பெருக்குகிறவளைத் தாண்டி உள்ளே வரச் சற்று நேரமாகும்.

ஒரு நாள் புது மைக்கைச் சோதிக்க அவன் ஒரு பாட்டின் நாலு வரியைப் பாடினான். தொண்டையில் மணல் உரசுவது போன்ற, வயதுக்குப் பொருந்தாத குரல். முதலாளியம்மா படியேறி வந்தார்.

"இன்னொரு தடவை பாடு" என்றார்.

"வேண்டாங்க."

"முகத்தை யார் கேட்டா? குரலைத்தானே கேக்கறேன்."

அப்படிப் பதிவான இசைத்தட்டின் உறையில் படம் இல்லை. ஒரு மூங்கில் திரையை வரையச் சொல்லிப் போட்டோம். தட்டு அச்சடிக்கும் சோலோன் பட்டறைக்கு மூலநாடாவை அவனிடம் கொடுத்தனுப்ப முடியாது என்பதால், கீரைக் கூடைக்கு அடியில் வைத்து நானே பஸ்ஸில் கொண்டுபோனேன்.

பாட்டு பற்றிக்கொண்டது. சிக்லோ ரிக்ஷா ஓட்டுகிறவர்கள்கூடப் பாடினார்கள். யார் இவர், படம் எங்கே என்று பத்திரிகைகள் கேட்டன. பதில் சொல்லாவிட்டால் தேட ஆரம்பிப்பார்கள். தேட விடக்கூடாது. அதனால் நான் ஒரு கிழவரை உண்டாக்கினேன். வயது அறுபதுக்கு மேல், எந்த ராணுவமும் கூப்பிடாத வயது. மத்தியப் பகுதி ஊர்க்காரர். புயல் வெள்ளத்தில் குடும்பத்தைப் பறிகொடுத்தவர். திரைக்குப் பின்னால்தான் பாடுவேன் என்று சபதம் எடுத்தவர். ஊர்ப் பெயரை எங்கள் வீட்டு மீன்சாறு பாட்டிலின் சீட்டிலிருந்து எடுத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகை, அவர் தன் வாழ்க்கையைச் சொல்லச் சொல்ல நான் எழுதுவதாகத் தொடர் கேட்டது. மறுத்தால் சந்தேகம் வரும். எழுதினேன். நான் எழுத்தாளரானது இப்படித்தான். ஆசைப்பட்டு அல்ல. ஒவ்வொரு வாரமும் அந்தக் கிழவர் இன்னும் கொஞ்சம் உண்மையாகிவிட்டால் மாடியில் இருக்கும் பையன் இன்னும் கொஞ்சம் மறைவான் என்ற பயத்தில் எழுதினேன். போன வாரம் கிழவருக்கு எந்தக் கால் வலித்தது என்று மறந்துவிடும். காலையில் பத்திரிகை வந்ததும் பழைய இதழ்களை எடுத்து ஒப்பிட்டுப் பார்ப்பேன்.

வாசகர்கள் அவருக்கு மூலிகை எண்ணெய் அனுப்பினார்கள். அதைத் தேய்த்துக்கொண்டே பையன் சொன்னான், "அக்கா, அவர் மனைவி வெள்ளத்துல போற இடம் இருக்கே, அதைப் படிச்சிட்டு நான் தூங்கலை." நான் உண்டாக்கிய துக்கத்துக்கு அவனும் அழுதிருக்கிறான்.

பிறகு ஒரு பகலில் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் கடைக்குள் வந்தார். சுத்தமாக வாரிய தலை, கையில் மடித்த பத்திரிகை. பாதுகாப்புத் துறை என்று தாழ்ந்த குரலில் சொன்னார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"தொடரை விடாம படிக்கிறேன். என் அம்மாவுக்கும் படிச்சுக் காட்டறேன்."

"நன்றிங்க."

"போன வாரம் அவர் ஊர் ஆத்துல படகுத்துறை இருக்குன்னு எழுதியிருந்தீங்க."

"ஆமாங்க."

"நான் அந்த ஊர்க்காரன். அங்க ஆறே கிடையாது."

பெரியவருக்கு ஞாபகம் தடுமாறுகிறது என்றேன். வேறு ஊரோடு குழப்பியிருப்பார்.

"இருக்கலாம்" என்றார். "அவரைப் பாக்கணுமே. எங்க இருக்கார்?"

"உடம்பு சரியில்லை. வுங் டாவ்ல, கடல்காத்துக்காக..."

"ரொம்ப நல்லதாப் போச்சு. அடுத்த வாரம் அங்கதான் போறேன். விலாசம் எழுதி வைங்க, வந்து வாங்கிக்கறேன்."

அவர் போனதும் கடையை விட்டுக் கிளம்பினேன். வீட்டுக்குப் போய் வாப்பாவிடம் சொன்னபோது அவர் சாப்பாட்டுத் தட்டை நகர்த்தி வைத்தார். பிரெஞ்சுக்காரர்கள் காலத்து ரகசியப் போலீசுக்கு அவர் வைத்திருந்த பெயர்தான் இன்னும் அவர் வாயில் இருந்தது.

"சூர்த்தேக்காரனா புள்ள? பேரு கேட்டானா? நம்ம வூடு எங்கன்னு கேட்டானா?"

"கேக்கலை வாப்பா."

"கேக்காதவன்தான் பொல்லாதவன். தெரிஞ்சு வச்சிருப்பான்."

மறுநாள் முதலாளியம்மா கதவைச் சாத்திவிட்டு என் எதிரே உட்கார்ந்தார். விரல் மோதிரத்தைத் திருகினார்.

"கொன்னுடு பொண்ணே."

"யாரை?"

"கிழவரைத்தான். செத்தவனைத் தேடி யாரும் வுங் டாவ் போகமாட்டாங்க."

அன்றே எழுதினேன். அவர் காய்ச்சலில் இறந்தார், அவர் விருப்பப்படி மீன்படகில் கொண்டுபோய்ச் சாம்பலைக் கடலில் கரைத்தார்கள் என்று. கல்லறை இருந்தால் பார்க்கக் கேட்பார்கள் அல்லவா? அந்த அத்தியாயத்தை எழுதும்போது அழுதேன். பயத்தில் அழுதேனா அவருக்காக அழுதேனா என்று இன்றும் எனக்குத் தெரியாது.

ஒரு விஷயத்தை நாங்கள் யோசிக்கவில்லை. செய்தி வந்த காலையிலேயே கடைவாசலில் ஜனம் கூடிவிட்டது. ஊதுபத்தியும் வாழைப்பழமும் சாமந்தியுமாக வந்தார்கள். இசைத்தட்டின் உறையையே படமாக வைத்து, மேசைமேல் ஒரு பூஜைமேடை உண்டாகிவிட்டது. சந்தையில் மீன் விற்கும் பெண்கள் தரையில் உட்கார்ந்து அழுதார்கள். "பாட்டைப் போடுங்க, ஒரே ஒரு தடவை" என்றார்கள்.

அப்போது வெள்ளைச் சட்டைக்காரரும் ஊதுபத்தியோடு வந்தார். கும்பிட்டுவிட்டு ஓரமாக நின்றார். முதலாளியம்மா இசைப்பெட்டியில் தட்டை வைத்தார். அது சுற்றவில்லை. அவர் எத்தனையோ நாள் பழக்கத்தில் மாடியைப் பார்த்துக் குரல் கொடுத்துவிட்டார். கொடுத்த பிறகுதான் என்னைப் பார்த்தார். முகம் சுண்ணாம்பாக இருந்தது.

பையன் திருப்புளியோடு இறங்கி வந்தான். கூட்டத்தைப் பார்த்து ஒரு படியில் நின்றான். திரும்பிப் போனால் அதுவே காட்டிக்கொடுக்கும். வந்தான், மண்டியிட்டான், பெட்டியின் பின்பக்கத்தைக் கழற்றினான். அவன் கழுத்தில் வியர்வை இறங்குவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். தட்டு சுற்றியது. அவன் குரல் அந்த அறையை நிரப்பியது. பெண்கள் விம்மினார்கள். அவன் தன் பாட்டிலிருந்து ஓரடி தள்ளி, தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

வெள்ளைச் சட்டைக்காரர் அவனிடம் போனார்.

"உனக்கு இந்தப் பாட்டு பிடிக்குமா?"

அவன் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். "பிடிக்குங்க" என்றான்.

ஒரே சொல். அவர் தலையைச் சற்றுச் சாய்த்து, இசைத்தட்டையும் கேட்டு, அவன் சொன்ன அந்தச் சொல்லின் ஒலியையும் கேட்பதுபோல நின்றார். பிறகு கையை நீட்டினார். அவன் அட்டையைக் கொடுத்தான். முன்னும் பின்னும் பார்த்தார். பாட்டு முடிகிறவரை அதைத் திருப்பிக் கொடுக்கவில்லை. பாட்டு முடிந்ததும் அட்டையை அவன் சட்டைப்பையிலேயே செருகிவிட்டு என் பக்கம் வந்தார்.

"நல்லா முடிச்சீங்க" என்றார். "மறுபடி ஆரம்பிக்காதீங்க."

வெளியே போய்விட்டார். அவருக்குத் தெரிந்ததா? தெரிந்தும் விட்டுவிட்டாரா? தன் அம்மாவுக்காக விட்டாரா? எனக்குத் தெரியாது. அதன் பிறகுதான் பயம் இன்னும் அதிகமாயிற்று. அதுவரை யாருக்காவது தெரிந்துவிடுமோ என்று பயந்தேன். இப்போது ஒருவருக்குத் தெரிந்திருக்கலாம், அவர் எந்த நிமிஷமும் மனம் மாறலாம். தெருவில் வெள்ளைச் சட்டையைக் கண்டால் பக்கத்துக் கடைக்குள் நுழைந்து, வேண்டாத நூல்கண்டை விலை கேட்பேன்.

பையன் அந்த வாரமே போனான். அரிசிப்படகில் மிதோவுக்கு, என் அம்மாவின் தம்பி வீட்டுக்கு. நான் விளம்பரம் எழுதுவதைத் தொடர்ந்தேன், உயிரில்லாமல்.

போர் முடிந்து வட வியட்நாமியர் ஆட்சிக்கு வந்தார்கள். பழைய பாட்டுகள் கெட்டவை, ஒப்படைக்க வேண்டும் என்றார்கள். முதலாளியம்மாவின் கடையைப் பூட்டி முத்திரை வைத்தார்கள். எங்கள் வீட்டிலிருந்த தட்டுகளை எரித்தால் புகை காட்டிக்கொடுக்கும் என்று அம்மா ஒவ்வொன்றாகத் துணிக்குள் வைத்து உடைத்துப் பூந்தொட்டிகளின் அடியில் புதைத்தாள்.

அந்த நாட்களில் ஒரு காலை அவன் சைக்கிளில் வந்தான். கொஞ்சம் சதை போட்டிருந்தான். கல்யாணம் ஆகிவிட்டதாம், ரேடியோ பழுது பார்க்கிறானாம். பாடுவதில்லை.

"அங்க ஒரு படகுக்காரர், கிழவரை நேர்ல பாத்தேன்னு சத்தியம் பண்றார் அக்கா" என்றான். "இல்லைன்னு சொல்ல மனசு வரலை."

அவன் சிரித்தான். நான் எழுந்து ஜன்னலைச் சாத்தினேன்.

வாப்பா இந்தியக் குடிமகன் என்பதால் எங்களுக்கு விமானத்தில் இடம் கிடைத்தது. காரைக்காலில் உறவுக்காரர் வீட்டின் பின்கட்டில் குடியேறினோம். விளம்பரம் எழுத அங்கே பாடகர் யாருமில்லை. வாப்பா சொல்லிக்கொடுத்த தமிழை வைத்துக்கொண்டு கதை எழுத ஆரம்பித்தேன். எழுதியதை அரிசிப்பானைக்குள் வைப்பேன். ஏன் என்று வாப்பா கேட்டதில்லை. இரண்டு கதைகள் திரும்பி வந்தன. மூன்றாவது அச்சானது. சந்தையில் மீன் விற்கும் ஒரு பெண்ணைப் பற்றிய கதை.

பத்திரிகைப் பிரதியோடு வந்த தபால்காரர் தெருவிலிருந்தே என் பெயரை உரக்கக் கூப்பிட்டார். நான் கதவைச் சாத்திக்கொண்டு அசையாமல் நின்றேன். இரண்டு முறை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, ஜன்னல் வழியாக அதைப் போட்டுவிட்டுப் போனார். அம்மா எடுத்துப் பார்த்தாள். அவளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது.

"இது என்ன?" என்று தன் மொழியில் கேட்டாள்.

"நான் எழுதினது."

"படிச்சுச் சொல்லு."

தாழ்ப்பாள் விழுந்திருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு, அவளுக்கு மட்டும் கேட்கும்படி வரிவரியாக வியட்நாமியத்தில் சொன்னேன்.