பள்ளத்தில் இறக்கிய பதினாறு தகடுகள்

வெள்ளிக்கிழமை காலை ஐந்தேமுக்கால் மணிக்குக் கண்டி திருகோணமலை வீதியிலிருந்து எங்கள் லொறி புறப்பட்டது. முன் ஆசனத்தில் சாரதி ரஹீம் நானாவும் என் தமையனாரும் நானும் இருந்தோம். பின்னால் பதினாறு இரும்புத் தகடுகளும் ஒரு சாக்கு போல்ட்டும் நான்கு திருகுசாவிகளும் நெம்புவதற்கு இரண்டு அலவாங்குகளும் இருந்தன. கண்டியிலிருந்து தோட்டத்தின் தேயிலை ஆலை வரை பதின்மூன்று மைல். லொறி வாடகை ஏழு ரூபா.

கொழும்பில் கல்லூரியில் தமிழ் இலக்கியம் படிக்கும் எனக்கு நான்கு நாள் விடுமுறை கிடைத்திருந்தது. தமையனார் கண்டியில் ஓர் இரும்புப் பட்டறையில் படம் வரைபவராக வேலை பார்க்கிறார். எங்கள் ஊரான யாழ்ப்பாணத்துக்குப் போய்வர நாள் போதாதென்று அவருடைய வீட்டில் தங்கினேன். முதல் நாள் மாலை முழுதும் அவருக்காகத் தகடுகளில் எண் எழுதினேன். எழுதிய பொருள் எங்கே போய்ச் சேருகிறது என்று பார்க்க விரும்பியதால் இந்தப் பயணம்.

வீதிக்குக் குறுக்கே ஓடும் நீர் அடியால் கடந்து போவதற்கு வைப்பது மதகு. சீமெந்துக் குழாய் என்றால் ஒன்றைத் தூக்க எட்டுப் பேர் வேண்டும். மாட்டுவண்டி போகாத இடத்துக்கு அது போகாது. தமையனார் குழாயை நெடுக்கே இரண்டாகப் பிளந்து, குறுக்கே எட்டாக அறுத்ததுபோல் வரைந்திருந்தார். ஒவ்வொரு துண்டும் நெளிதகட்டில் வளைத்த அரைவட்டம்; எடை நாற்பத்திரண்டு இறாத்தல். சோற்றுக் கோப்பைகளை அடுக்குவதுபோல் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கலாம். எல்லாம் ஒரே அச்சு. கீழ்ப்பாதிக்கு எட்டு, அவற்றை மூட மேற்பாதிக்கு எட்டு. பொருத்தினால் மூன்றடி விட்டமும் இருபதடி நீளமும் உள்ள குழாய் கிடைக்கும்.

கீழ்த் தகடுகளுக்கு வெள்ளைப் பூச்சில் ஒன்று முதல் எட்டு வரை எழுதியபோது, எந்தப் பக்கத்திலிருந்து எண்ணுவது என்று கேட்டேன்.

"ஓடு வேயிற மாதிரித்தான், பிள்ளை. தாழ்வாரத்தில தொடங்கி முகட்டுக்குப் போறது" என்றார் தமையனார். "தண்ணி வெளியில போற வாயிலதான் ஒண்டாம் நம்பர். அதின்ர விளிம்புக்கு மேல ரெண்டு, ரெண்டுக்கு மேல மூண்டு. அப்பதான் மேல இருந்து வாற தண்ணி வழுக்கிக்கொண்டு போகும். மாறி வைச்சால் விளிம்பில முட்டி, இடுக்குக்குள்ள பூந்து, அடிமண்ணைத் திண்டுபோடும்."

கட்டுகஸ்தோட்டைப் பாலத்தைக் கடக்கையில் மணி ஆறு. மகாவலி கலங்கிச் செம்மண் நிறமாக ஓடியது. ஆறே முக்காலுக்கு அக்குறணையில் தேநீருக்காக நின்றோம். கடைகள் அப்போதுதான் பலகை திறந்துகொண்டிருந்தன. தேநீர் மூன்று சதம், பணிஸ் இரண்டு சதம். நான் லொறியிலேயே இருந்தேன். ரஹீம் நானா கோப்பையைக் கொண்டுவந்து தந்துவிட்டுப் பின்பக்கத்தை எட்டிப் பார்த்தார்.

"இது என்ன தங்கச்சி, ராட்சசன்ட வீட்டுப் பீங்கானா? நானும் தேங்கா ஏத்தி ஈக்கிறன், மாடு ஏத்தி ஈக்கிறன், ஓட்டையை மட்டும் துண்டு துண்டா ஏத்தினது இன்டைக்குத்தான்."

அதைக் கேட்டுத் தமையனார் சிரிக்கவில்லை. அன்று அவருக்குச் சிரிப்பு வராததற்குக் காரணம் இருந்தது. அத்தோட்டத்தின் மேற்பிரிவில் தொழிலாளர் குடியிருக்கும் நாற்பது அறைகள் கொண்ட லயங்கள் உள்ளன. அங்கே செல்லும் பாதை நீர் ஓடும் பத்துப் பள்ளங்களைக் கடக்கிறது. மழைக்காலந்தோறும் பாதை பள்ளங்களில் அறுந்துபோகிறது. பாதை இனியும் அறுந்தால் மேல் லயங்களை இழுத்து மூடி, அங்குள்ள குடும்பங்களைக் கீழே ஆலையடிக்குக் கொண்டுவந்து அடைப்பதாகத் தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரத் துரை சொல்லியிருந்தார். மிக மோசமான பள்ளத்தில் ஒரு மதகை வைத்துக் காட்ட ஒரே ஒரு நாள் தந்திருந்தார். சனிக்கிழமை காலையில் வந்து பார்ப்பார். ஐப்பசியில் அப்பக்கத்தில் மழை பிற்பகல் நான்கு மணிக்குப் பிந்துவதில்லை.

ஏழே முக்காலுக்கு ஆலையை அடைந்தோம். மேற்பிரிவின் முத்தையா கங்காணி, பதினாறு பெண்களோடும் ஆறு ஆண்களோடும் காத்திருந்தார். தமையனாரைத் துரையின் அலுவலகமான கந்தோருக்கு அழைத்துப்போக ஆள் வந்திருந்தது.

"நீ இவையோட மேல போ, பிள்ளை. நான் அரை மணித்தியாலத்தில வாறன்" என்று அவர் சொல்லிப் போனார்.

பள்ளம் அங்கிருந்து ஒன்றேகால் மைல், முழுவதும் ஏற்றம். ஒவ்வொரு தகட்டையும் தடியில் கோத்து இருவர் சுமப்பதற்கென்று தமையனார் விளிம்பில் இரண்டு பெரிய துளைகள் வைத்திருந்தார். முதல் தகட்டைப் பொன்னுசாமி என்ற இளைஞனும் இன்னொருவரும் அவ்வாறே தூக்கினார்கள். மூன்றாம் வளைவில் பாதை இரண்டடி அகலமாயிற்று. தடி பாறையில் இடித்து நின்றது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை.

"ஏய் பொன்னுசாமி, பல்லக்கா தூக்குற?" என்று பின்னாலிருந்து ஒரு பெண் கேட்டாள். அவள் பெயர் காத்தாயி. வயது நாற்பதுக்குக் குறையாது. "உள்ள யாரு, ஒம் பொண்டாட்டியா? எறக்கி வைய்யி."

அவள் கொழுந்துக் கூடையின் கயிற்றை அந்தத் துளைகளில் மாட்டி, கயிற்றைத் தலையில் ஏற்றி, தகட்டை முதுகில் வாங்கிக்கொண்டாள். குழிந்த பக்கம் முதுகோடு படிந்தது. மற்றப் பெண்களும் தங்கள் கயிறுகளை அவிழ்த்தார்கள்.

"எங்க முதுகுக்கு அளவெடுத்து வளைச்ச மாதிரி இருக்குங்கம்மா" என்று காத்தாயி என்னிடம் சொன்னாள். "கொழுந்துன்னா நனஞ்சா கனக்கும். இது நனஞ்சாலும் அதே கனந்தான்."

வளைந்த பாதையில் பதினாறு தகடுகள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறின. எட்டேமுக்காலுக்குப் பள்ளத்தை அடைந்தோம். தகடு வைக்கவேண்டிய அகழி முந்திய நாளே வெட்டி முடிந்திருந்தது. நீரை மண் அணை கட்டிப் பக்கவாட்டில் திருப்பியிருந்தார்கள். அகழியின் மேல் முனையில், நீர் வந்து விழும் இடத்தில், சிவப்புப் பட்டு சுற்றிய ஒரு கல் இருந்தது. அது முனியாண்டி என்றார் கங்காணி. நீரில் எந்த வேலை செய்தாலும் நீர்த்தலையில் பூசை வைத்து அங்கேயே தொடங்குவது அவர்கள் வழக்கம்.

கங்காணி தகடுகளைப் பார்த்து, ஒன்று என்று எழுதியதைத் தேர்ந்தெடுத்தார். மஞ்சளும் குங்குமமும் இட்டார். தேங்காய் உடைத்தார். எலுமிச்சம்பழம் வெட்டினார். பிறகு அந்தத் தகட்டை மேல் முனையில், கல்லுக்கு நேராக இறக்கினார்கள்.

ஒன்றாம் எண் கீழ் முனைக்கு உரியது என்பது அங்கே எனக்கு மட்டுமே தெரியும். அந்த எண்ணை எழுதியவளும் நானே. கற்பூரம் எரிந்துகொண்டிருந்தபோது சொல்வது தகாது என்று நினைத்தேன். அணைந்தபின் சொல்லலாமென்று இருந்தேன். அணைந்தபின் ஆண்கள் இரண்டாம் தகட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள். அறிமுகமில்லாத இருபத்துமூன்று பேரிடம் உரத்துப் பேசுவது எனக்கு வழக்கமில்லை. தமையனார் அரை மணித்தியாலத்தில் வருவார் என்று பாதையைப் பார்த்தபடி நின்றேன்.

துரை அவரைக் கந்தோர் விறாந்தையில் இரண்டு மணித்தியாலம் காக்கவைத்துவிட்டார். பதினொரு மணிக்கு அவர் ஏறி வந்தபோது ஐந்து தகடுகள் போல்ட் பூட்டி முடிந்திருந்தன. எண் வரிசை தவறவில்லை. ஆனால் வரிசை மேலிருந்து கீழே இறங்கியதால் ஒவ்வொரு விளிம்பும் வரும் நீரை எதிர்த்து நின்றது. தமையனார் அகழியில் இறங்கி விரலால் விளிம்பைத் தடவினார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"நீ பாத்துக்கொண்டோ நிண்டனி?"

"ஓம்" என்றேன்.

அவர் விரலில் ஒட்டிய மண்ணைத் துடைத்தார். கங்காணியிடம் திரும்பி, எல்லாவற்றையும் கழற்றிக் கீழிருந்து தொடங்கவேண்டும் என்றார்.

"மத்ததக் கழட்டலாங்கய்யா. மொதத் தகட்டத் தொடக் கூடாது" என்றார் கங்காணி. "சாமி முன்னால வச்சாச்சு. எடுத்தா நாளைக்கு ஒருத்தன் இந்தப் பள்ளத்துல எறங்க மாட்டான். நானும் எறங்க மாட்டேன்."

"அப்பிடியே விட்டால் இரவைக்கே மண் கரைஞ்சு போடும், கங்காணி. நாளைக்குத் துரை வந்து என்ன சொல்லுவார் எண்டு உமக்குத் தெரியுந்தானே?"

"தெரியுங்கய்யா. தெரிஞ்சுதான் பூசையே போட்டோம்."

தமையனார் வானத்தைப் பார்த்தார். வடக்கே மலையின்மேல் முகில் திரண்டிருந்தது. காத்தாயி அகழியின் ஓரத்தில் குந்தியிருந்து வெற்றிலையைத் துப்பினாள்.

"சாமி ஒத்தத் தகட்டத்தானே பாத்துச்சு? அது அங்கயே இருக்கட்டும். மிச்சத்தக் கீழருந்து அடுக்கிக்கிட்டு வந்து, கடைசித் தகட்ட அதுக்கு அடியில சொருகுங்க. எல்லாந்தான் ஒரே மாதிரி இருக்கே."

தமையனார் மேல் முனையையும் கீழ் முனையையும் மாறி மாறிப் பார்த்தார். "சொருகிறதெண்டால் முதல் தகட்டைக் கொஞ்சம் உயர்த்த வேணும்" என்றார்.

"எடுக்கத்தான் கூடாது" என்று கங்காணி யோசித்துச் சொன்னார். "நெம்பலாம்."

"சாமி கண்ண மூடிக்குமா, கங்காணியாரே?" என்றான் பொன்னுசாமி.

"நீ வாய மூடு, அது போதும்."

நான்கு தகடுகளையும் கழற்றி முடிக்கப் பன்னிரண்டேகால் ஆயிற்று. பிறகு கீழிருந்து தொடங்கினார்கள். இம்முறை ஒவ்வொரு விளிம்பையும் பூட்டுவதற்குமுன் எந்த விளிம்பு மேலே என்று நான் பார்த்துச் சொன்னேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. ஒன்றே முக்காலுக்குக் கடைசித் தகடு முனியாண்டியின் தகட்டுக்கு அடியில் வந்தது. இருவர் அலவாங்கால் நெம்பினார்கள். கங்காணி கண்ணை மூடிக்கொண்டு கன்னத்தில் போட்டுக்கொண்டார். தகடு செருகிக்கொண்டது, ஆனால் துளைகள் நேருக்கு நேர் வரவில்லை. அரை அங்குலம் குறைந்தது.

தமையனார் துளைகளை வட்டமாக அல்லாமல் நீள்வட்டமாக வெட்டச் சொல்லியிருந்தார். அது வீண் வேலை என்று பட்டறையில் முணுமுணுத்தார்களாம். இப்போது எல்லா மூட்டுகளிலும் போல்ட்டைத் தளர்த்தி, ஒவ்வொரு தகட்டையும் நூல் நூலாக மேலே இழுக்கச் சொன்னார். ஏழு மூட்டுகளில் இழுத்த சிறு இடைவெளிகள் சேர்ந்து அரை அங்குலம் ஆயின. போல்ட் உள்ளே போனது.

மேல்தகடுகளை மூடியபோது மூன்று மணி. பெண்களும் ஆண்களும் கூடைகூடையாக மண் கொட்டி இருபுறமும் இடித்தார்கள். பாதை மட்டத்துக்கு மண் வர இன்னும் ஓர் அடி இருந்தபோது, நான்கு மணிக்கு ஐந்து நிமிடம் முன்னதாக, மழை பிடித்தது. கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு அவர்கள் மண் கொட்டுவதை நிறுத்தவில்லை. நான்கே காலுக்கு மேலே கட்டிய மண் அணை தானாக உடைந்தது.

நீர் ஒரே மொத்தமாக வந்தது. இலைகளும் விறகுக் கட்டைகளும் செம்மண்ணும் சேர்ந்து குழாயின் வாய்க்குள் நுழைந்தன. நாங்கள் அனைவரும் கீழ் முனைக்கு ஓடினோம். சற்று நேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு நுரையோடு நீர் மறுவாயால் பாய்ந்து வெளியே விழுந்தது. காத்தாயி மதகின் மேல் ஏறி நின்று மண்ணைக் காலால் மிதித்துப் பார்த்தாள்.

"அசையல" என்றாள்.

அன்றிரவு ஆலைக் கணக்கப்பிள்ளையின் வீட்டில் தங்கினோம். மழை எப்போது விட்டதென்று தெரியாது.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்குத் துரை குதிரையில் வந்தார். பாதையின்மேல் குதிரையை இரண்டு முறை நடத்தினார். இறங்கிக் குழாயின் உள்ளே பார்த்தார். முதல் தகட்டிலிருந்த மஞ்சளைப் பற்றி ஏதோ கேட்டார். கங்காணிக்கு ஆங்கிலம் தெரியாது, தமையனார் குனிந்து திருகுசாவிகளைச் சேர்த்துக்கொண்டிருந்தார். இன்னும் ஒன்பது மதகுகள் வேண்டும் என்றும் மேல் லயங்கள் இருந்த இடத்திலேயே இருக்கட்டும் என்றும் கணக்கப்பிள்ளையிடம் சொல்லிவிட்டு ஏறிப் போனார். கங்காணி அந்தச் செய்தியைக் கேட்டு, தலைத்துண்டை அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டார். காத்தாயி முன்னரே கொழுந்துக்குப் போய்விட்டாள், விடைபெற முடியவில்லை.

பதினொரு மணிக்கு ரஹீம் நானாவின் லொறி வந்தது. சுமை இல்லாத லொறி வளைவுகளில் அதிகமாகக் குலுங்கியது. அந்தக் குலுக்கலிலும் தமையனார் மடியில் தாளை வைத்து வரைந்துகொண்டு வந்தார்.

"மற்ற ஒன்பதையும் மாத்தப் போறன்" என்றார். "அவை நீர்த்தலையிலதான் தொடங்குவினமெண்டால், தகடும் தலையில தொடங்கட்டும். ஒண்டாம் நம்பர் மேல. அடுத்தது அதுக்கு அடியில."

எங்கள் ஊரில் ஆறு இல்லை, பள்ளம் இல்லை, மதகு என்றால் குளத்து மதகுதான். மழை நீர் சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி மறைந்துபோகும். அதைத் தேடி நாங்கள் கிணறு வெட்டுகிறோம். நீர் எங்கே தொடங்குகிறது என்று அங்கே யாரும் கேட்டதில்லை. அங்கே ஒரு பெண் பேசாமல் நின்றால் அடக்கமானவள் என்பார்கள். அதனால் யாருக்கும் எந்த நட்டமும் வந்ததாக நான் அறியேன். இங்கே நான் பேசாமல் நின்றதில் இருபத்துமூன்று பேரின் மூன்று மணி நேரம் போயிற்று. மழை ஒரு மணி முந்தியிருந்தால் நாற்பது அறைகளும் போயிருக்கும்.

தாளை எட்டிப் பார்த்தேன்.

"அண்ணா, இது சரிவராது. அடியில செருகிறதெண்டால் மேல் தகட்டின்ர விளிம்பை ஒவ்வொரு முறையும் ஆரோ நெம்பிப் பிடிக்க வேணும். ஒவ்வொரு மூட்டுக்கும் கீழ ஒரு சாண் அகலத்தில குழி தோண்டிவைச்சால், நெம்பாமலே செருகலாம்."

தமையனார் பென்சிலை நிறுத்தினார். ரஹீம் நானா வேகத்தைக் குறைத்து, என்னை ஒரு முறை பார்த்துவிட்டு, மறுபடி வீதியைப் பார்த்தார். அக்குறணை வரும்வரை தமையனார் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டு வந்தார். அங்கே தேநீருக்கு நின்றபோது, தாளையும் பென்சிலையும் என் மடியில் வைத்தார்.

"எவ்வளவு ஆழம் எண்டு நீயே குறி" என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

ஆறு அங்குலம் என்று குறித்தேன்.