சேர்ந்து எடுக்க இருந்த இரண்டு வீடுகள்

தொடக்கப்பள்ளி போன காலமெல்லாம் எனக்குத் தலை பின்னிவிட்டவர் எதிர்வீட்டு ஆன்ட்டி. அம்மா விடியுமுன்பே கிளம்பிவிடுவாள். சிங்கப்பூரின் மேற்குக் கோடியில், ஜூரோங்கில் தொலைக்காட்சிப் பெட்டிகளுக்கு உதிரி பாகம் செய்கிற தொழிற்சாலையில் அவளுக்கு வேலை. கம்பெனி பஸ் யாருக்காகவும் நிற்காது. அப்பாவுக்குத் துறைமுகத்தில் ஷிப்ட். வீட்டிலிருக்கும் நாளிலும் சீப்பை எந்தப் பக்கம் பிடிப்பதென்று அவருக்குத் தெரியாது. அதனால் நான் பல் தேய்த்த கையோடு, ரிப்பனை வாயில் கவ்விக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போய்விடுவேன். ஆன்ட்டி என்னையும் தன் மகளையும் தரையில் உட்காரவைத்து, யார் தலை முதலில் என்ற சண்டையைத் தீர்த்துவிட்டு, இழுத்து இழுத்துப் பின்னுவார். கண்ணில் தண்ணீர் வந்துவிடும். அதன் பிறகு ரொட்டியும் சூடான மைலோவும்.

இரண்டாம் உலகப்போர் முடிந்த கையோடு கட்டிய நான்கு மாடிக் கட்டடம் எங்களுடையது. லிப்ட் கிடையாது. படி ஏறி முடிக்கிற இடத்தில் எதிரெதிராக இரண்டு கதவுகள். இடையில் ஒரு சின்ன சிமெண்ட் தரை. அந்தத் தரையில்தான் நானும் ஆன்ட்டியின் மகளும் கல்லாட்டம் ஆடினோம், வீட்டுப்பாடம் எழுதினோம், மூட்டைப்பூச்சி மருந்தடிக்கும் நாட்களில் பாய் விரித்துச் சாப்பிட்டோம். பகல் முழுக்க இரண்டு கதவுகளும் திறந்தே கிடக்கும். எங்கள் வீட்டில் முருகன் படம், அவர்கள் வீட்டில் மாதா படம். இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தன. அதை யாரும் ஒரு விஷயமாகப் பேசி நான் கேட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா எனக்குத் தலை பின்னுவாள். அவளுக்கு இறுக்கிப் பின்ன வராது. மத்தியானத்துக்குள் அவிழ்ந்துவிடும். நான் பேசாமல் எதிர்வீட்டுக்குப் போய் மறுபடி பின்னிக்கொண்டு வந்துவிடுவேன். அம்மா சீப்பில் சிக்கிய முடியை எடுத்துச் சுருட்டிக்கொண்டிருப்பாள்.

எனக்குப் பதினோரு வயதிருக்கும்போது கட்டடத்தை இடிக்கப்போகிறார்கள் என்று தெரிந்தது. எல்லாருக்கும் மாற்று வீடு உண்டு. ஒன்றாகப் போக விரும்பும் குடும்பங்கள் சேர்ந்து ஒரே வரிசை எண் எடுத்துக்கொள்ளலாம். எண் கூப்பிடும்போது எல்லாரும் வீடமைப்புக் கழக ஆபீசில் இருந்தால் பக்கத்துப் பக்கத்து வீடாகவே தேர்ந்தெடுக்கலாம். இதை ஆன்ட்டியின் கணவர், எங்கள் அங்கிள், வந்து சொன்னபோது அப்பா ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை.

"அப்ப ரெண்டு பேரும் சேர்ந்தே எடுத்துருவோம். உங்க தொல்ல இல்லாம எனக்குத் தூக்கம் வராது லா" என்றார்.

அங்கிளும் அப்பாவும் அப்படித்தான். சாயங்காலம் கீழே காப்பிக்கடையில் இரண்டு காப்பியை வைத்துக்கொண்டு பந்தாட்டம் பற்றிப் பேசிப் பேசிக் கடையை மூடவைப்பார்கள். அப்பாவுக்கு வேறு சிநேகிதர் இல்லை. நான் இதை இப்போது சொல்வதற்குக் காரணம் உண்டு.

பாசிர் ரிஸ் என்று முடிவாயிற்று. தீவின் கிழக்குக் கோடியில் புது ஊர், கடல் பக்கம். ஒரு ஞாயிறு இரண்டு குடும்பமும் பஸ் ஏறிப் போய்ப் பார்த்தோம். பாதி கட்டிய கட்டடங்களும் செம்மண்ணும்தான் இருந்தன. நானும் ஆன்ட்டியின் மகளும் ஏதோ ஒரு மாடியைக் கை காட்டி அதுதான் எங்களுடையது என்று தீர்மானித்தோம். எந்த அறை யாருக்கு, யார் சைக்கிள் எங்கே நிற்கும், இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரு பூனை வளர்ப்பதா வேண்டாமா, எல்லாம் பேசியாயிற்று. அடுத்த சில வாரங்கள் நான் அந்த வீட்டில்தான் வாழ்ந்தேன். பழைய வீட்டில் சும்மா தூங்கி எழுந்தேன், அவ்வளவுதான்.

ஆபீசுக்குப் போக வேண்டிய நாளுக்கு முதல் நாள் சாயங்காலம் அம்மா வேலை முடிந்து வந்தாள். பையைக் கீழே வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினாள். இருட்டும்வரை சாத்தாத கதவு.

"அவங்க நம்மகூட வரலையாம். அவங்க மாதா கோயில் ஆளுங்க பக்கம் போறாங்களாம். சாமி கும்புடுறவங்க பக்கத்துல இருந்தா புள்ளைக்கு சரிப்படாதுன்னு அந்தம்மா சொல்லிட்டா" என்றாள்.

அப்பா சட்டையைப் போட்டுக்கொண்டு எழுந்தார். "நான் போய் கேக்குறேன்."

"போய் மானத்த வாங்காதீங்க. வேண்டாம்னு சொன்னவங்க வாசல்ல போய் நிக்கிறதா?"

அப்பா நின்றார். பிறகு உட்கார்ந்தார். எதிர்வீட்டுக் கதவு எட்டிப் பிடிக்கிற தூரத்தில் இருந்தது. அவருக்கு ரோஷம் அதிகம். அது அம்மாவுக்குத் தெரியும். நான் அழுதேன். அம்மா என்னை மடியில் போட்டுக்கொண்டு, "நாம ஜூரோங் போயிடலாம். அம்மாவுக்கு வேலை பக்கம். காலையில நானே உன்னைக் கிளப்பி அனுப்புவேன்" என்றாள். அவள் குரலில் சந்தோஷம் இருந்ததா என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன். இருந்தது.

மறுநாளே எதிர்வீட்டுக் கதவும் சாத்திக்கொண்டது. அதைப் பார்த்ததும் அம்மா சொன்னதில் எனக்கு மிச்சமிருந்த சந்தேகமும் போயிற்று. குற்றமுள்ளவர்கள்தானே ஒளிவார்கள். கட்டடத்தைக் காலி செய்யும்வரை ஆன்ட்டியின் மகளும் நானும் அதே படியில் ஏறி இறங்கினோம். ஒரு நாள் படியில் நேருக்கு நேர் வந்துவிட்டாள். வாயைத் திறந்தாள். ஏதோ சொல்லப் போகிறாள், மன்னிப்புக் கேட்கப் போகிறாள் என்று நின்றேன். அவளும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். இரண்டு பேரும் அப்படியே நின்றுவிட்டு, அவள் மேலே போனாள், நான் கீழே போனேன்.

ஜூரோங் வீடு நல்ல வீடு, குறை சொல்ல ஒன்றுமில்லை. அம்மா தொழிற்சாலைக்கு நடந்தே போனாள். காலையில் எனக்குத் தலை பின்னினாள். அவிழ்ந்த பின்னலோடு நான் பள்ளிக்கூடம் போய் வந்தேன். அப்பா புதிதாக யாரிடமும் பழகவில்லை. வேலை விட்டு வந்தால் ஜன்னலோரம் உட்கார்ந்து வானொலி கேட்பார். கிறிஸ்துமஸ் அன்று மட்டும், யாரும் கேட்காமல், பேக்கரியிலிருந்து ஒரு பழக் கேக் வாங்கி வந்து மேசையில் வைப்பார். முன்பெல்லாம் எதிர்வீட்டிலிருந்து தட்டில் வந்த மாதிரியான கேக். நாங்கள் மூன்று பேரும் சாப்பிடுவோம். அம்மாவும் சாப்பிட்டாள். எப்படித்தான் தொண்டையில் இறங்கியதோ.

எனக்கு என்ன ஆயிற்று என்பதையும் சொல்லிவிடுகிறேன். கழுத்துச் சங்கிலியில் சிலுவை போட்ட யார் அன்பாகப் பேசினாலும் நான் ஒரு அடி தள்ளியே நின்றேன். வேலையிடத்தில் என்னோடு பத்து வருடத்துக்கு மேல் பக்கத்து மேசையில் இருந்தவள் தன் கல்யாணத்துக்கு நேரில் வந்து கூப்பிட்டாள். சாக்குச் சொல்லிவிட்டேன். உள்ளே நம்மை என்ன நினைக்கிறார்களோ என்று ஒரு புழு. அந்தப் புழுவை எனக்குள் விட்டது ஆன்ட்டி என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை தேக்கா சந்தையில் ஆட்டுக்கறி வாங்க நின்றேன். எனக்கு முன்னால் நின்ற வயதான அம்மா நெஞ்செலும்பு வேண்டும், கொழுப்பு வேண்டாம் என்று கடைக்காரரிடம் சொன்னார். குரலைக் கேட்டதும் எனக்குத் தெரிந்துவிட்டது. நான் நகர்ந்துவிடப் பார்த்தேன். அதற்குள் திரும்பிவிட்டார்.

என்னைக் கண்டுபிடிக்க அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. கண்டதும் முகம் மலர்ந்தது, உடனே இறுகியது.

"பெரிய மனுஷியாயிட்ட. எங்களையெல்லாம் அடையாளம் தெரியுதா?"

எனக்குச் சுருக்கென்றது. "அடையாளம் தெரியாம என்ன ஆன்ட்டி. நீங்கதான எங்கள வேண்டாம்னு சொன்னீங்க" என்றேன்.

"நாங்களா?"

அந்த ஒரு சொல்லை அவர் சொன்ன விதத்திலேயே எங்கோ தப்பு நடந்திருக்கிறது என்று தெரிந்துவிட்டது. கறிக்கடை வாசலில் ஈரத்தில் நின்றபடி சொன்னார். எண் கூப்பிடும் நாளன்று காலை, நாங்கள் பின்னால் வந்துவிடுவோம் என்று அம்மா சொன்னதை நம்பி, அவரும் அங்கிளும் ஆபீஸ் திறக்கும் முன்பே போய் உட்கார்ந்திருக்கிறார்கள். எண்ணைக் கூப்பிட்டார்கள். "இன்னொரு குடும்பம் வந்துக்கிட்டிருக்கு" என்று அங்கிள் கெஞ்சியிருக்கிறார். மறுபடியும் கூப்பிட்டார்கள். பிறகு அடுத்த எண்ணுக்குப் போய்விட்டார்கள். சாயங்காலம் மாடிப்படியில் அம்மா ஆன்ட்டியை நிறுத்திச் சொல்லியிருக்கிறாள்.

"உங்கப்பாவுக்கு வேதக்காரங்க பக்கத்துல இருக்க இஷ்டமில்லையாம். பொம்பளப் புள்ளைய வச்சிருக்கோம், மனச மாத்திருவாங்கன்னு பயப்படுறாராம். உங்கம்மா இத சொல்லும்போது அழுதாங்க பாப்பா. நான்தான் அவங்கள சமாதானப்படுத்தினேன்."

அங்கே ஒரு பொய், இங்கே அதே பொய். இந்தப் பக்கம் ஆன்ட்டியின் வாயில் வைத்தாள், அந்தப் பக்கம் அப்பாவின் வாயில் வைத்தாள். அப்பா சாகும்வரை அங்கிள் தன்னைக் கேவலமாக நினைத்தார் என்று நம்பினார். அங்கிள் இறந்து நான்கு வருடமாகிறதாம். "உங்கப்பா அப்படி சொல்லியிருக்க மாட்டான்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு, ஆனா போய் கேக்க மட்டும் மாட்டேன்னுட்டாரு" என்றார் ஆன்ட்டி. அவரும் ரோஷக்காரர்தான். அவர்கள் பிறகு தனியாக எண் எடுத்துப் பாசிர் ரிஸுக்கே குடிபோயிருக்கிறார்கள். அங்கிருந்து ஜூரோங்குக்கு ஒரே ரயில். மாறக்கூட வேண்டியதில்லை.

ஆன்ட்டி என் கையைப் பிடித்துக்கொண்டார். மகள் பக்கத்துக் கட்டடத்தில்தான் இருக்கிறாள், அடுத்த வாரம் ஞாயிறு பூசை முடிந்து வீட்டுக்கு வருவாள், நீயும் வா என்றார். சரி என்றேன். கறி வாங்கினேனா இல்லையா என்று வீடு வரும்வரை எனக்கு நினைவில்லை. வாங்கியிருந்தேன்.

அம்மா இப்போது என்னோடுதான் இருக்கிறாள். நான் போனபோது மேசையில் செய்தித்தாளை விரித்து நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தாள். ஆன்ட்டியைப் பார்த்தேன் என்றேன். எந்த ஆன்ட்டி என்று கேட்கவில்லை. கை மட்டும் நின்றது.

"நீங்கதானம்மா?"

"ஆமா. நான்தான்."

மறுப்பாள், மழுப்புவாள், அழுவாள் என்றெல்லாம் ரயிலில் யோசித்து வைத்திருந்தேன். ஏன் என்றேன். வேலை பக்கம் என்றாள். நான் கத்தினேன். இந்த வயதில் தாயைப் பார்த்து அப்படிக் கத்தியிருக்கக்கூடாது என்பார்கள், பரவாயில்லை.

அவள் ஒரு நெத்திலியைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னாள்.

"நீ மாடிப்படியில உருண்டு விழுந்த. ரெண்டாம் வகுப்பு படிக்கிறப்ப. அன்னிக்கு எனக்கு லீவு. சத்தம் கேட்டு நானும் ஓடி வந்தேன், அவளும் ஓடி வந்தா. நெத்தியெல்லாம் ரத்தம் உனக்கு. ரெண்டு பேரும் கைய நீட்டினோம். நீ என்னைப் பார்த்த. பார்த்துட்டு அவகிட்ட போன."

"எனக்கு அது ஞாபகமே இல்லம்மா."

"உனக்கு எதுக்கு ஞாபகம் இருக்கும்."

"அதுக்காகவா?"

"மறுபடியும் நாம அவ பக்கத்துலயே குடிபோயிருந்தா, நான் கடைசி வரைக்கும் உனக்கு சம்பளம் கொண்டு வர்ற பொம்பள. அவ்வளவுதான். நேரா சொன்னா நீ அழுவ. உங்கப்பா விடமாட்டாரு. வேற எத சொன்னாலும் போய் கேட்டுருப்பாரு. இத சொன்னாத்தான் கேக்க மாட்டாருன்னு தெரியும்."

"அப்பாகிட்டயாவது பிறகு சொல்லியிருக்கலாம்ல. வருஷா வருஷம் கேக் வாங்கிட்டு வந்தாரேம்மா."

அவள் மறுபடி நெத்திலித் தலையைக் கிள்ள ஆரம்பித்தாள்.

அவள் சொன்ன காரணம் எனக்குப் புரிகிறது. புரிவதால் ஆறிவிடவில்லை. கைக்குழந்தை நாளிலிருந்து இருட்டோடு பஸ் ஏறிப் போய் எனக்காக உழைத்தவள், அந்த வலி அவளுக்கு இருந்திருக்கும், சரி. ஆனால் தன் வலிக்கு மருந்தாக அவள் எடுத்தது என் சிநேகிதியை, அப்பாவின் ஒரே சிநேகிதரை, என் மனத்தின் பாதியை. எடுத்ததோடு நிற்காமல் அவர்களையே திருடர்களாக எனக்குக் காட்டினாள். ஊரில் எத்தனை பேர் என்னை ஏமாற்றியிருப்பார்கள், அதெல்லாம் உப்புப் பெறாத விஷயம். இவள் மடியில் போட்டுக்கொண்டு ஏமாற்றினாள்.

அந்த வாரம் நாங்கள் சாப்பாடு, மருந்து, துணி தவிர வேறெதுவும் பேசவில்லை. ஞாயிறு காலை குளித்து உடுத்திக் கிளம்பினேன். எங்கே போகிறேன் என்று நான் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. செருப்பு மாட்டும்போதுதான் பார்த்தேன், வாசலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். வெளியில் போகும்போது மட்டும் கட்டுகிற நீலப் புடவையைக் கட்டியிருந்தாள். பவுடர் போட்டிருந்தாள்.

"நானும் வரட்டுமா?" என்றாள்.

"வேண்டாம்மா" என்றேன்.

அவள் வழிவிட்டு ஒதுங்கினாள். நான் ரயிலுக்குப் போனேன்.