2011ஆம் ஆண்டுப் போத்தல்களின் வெள்ளைக் கோடு

கனகலிங்கம் 1985இல் கிழக்கு பெர்லினின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்து இறங்கியவர். 1992 ஓகஸ்ட் 3 முதல் மோசல் ஆற்றங்கரையில் பீலிக்ஸ் குடும்பத்தாரின் செக்ட் நிலவறையில் வேலை. செக்ட் என்பது நுரைக்கும் திராட்சை மது. கழுத்துக் கீழாகப் பலகையில் செருகிய போத்தல்களை நாளுக்கொரு முறை எட்டில் ஒரு பங்கு திருப்புவார். இருபத்தொரு நாளில் மண்டியெல்லாம் மூடிக்கு இறங்கிவிடும். அவர் ஒரு சொட்டும் குடித்ததில்லை. நிலவறைப் பூட்டின் திறப்பை நம்பிக் கொடுக்க ஜெர்மனியிலேயே இவர் ஒருவர்தான் என்று பீலிக்ஸின் தகப்பன் சிரிப்பார். நான் அங்கே பதிவேடு எழுதியவன். திகதிகள் அதிலிருந்து எடுத்தவை.

அவருடைய ஒரே மகன் யதுசன் அங்கேயே ஆஸ்பில்டுங், அதாவது தொழிற்பயிற்சி, செய்தான். 2012 ஏப்ரல் 17, 2011ஆம் ஆண்டு மதுவைப் போத்தலில் அடைத்தோம். 1,140 போத்தல். அடுக்கும்போது எந்தப் பக்கம் கீழே கிடந்தது என்று தெரிவதற்காக ஒவ்வொன்றின் அடியிலும் வெள்ளைப் பெயின்ற்றால் ஒரு கோடு இழுப்போம். அன்று இழுத்தவன் யதுசன். இடதுகைக்காரன், கோடெல்லாம் ஒரே பக்கம் சாய்ந்தன.

"காத்தடிச்ச வேலி மாதிரிக் கிடக்கு" என்று கனகலிங்கம் பகிடி பண்ணினார்.

2015 நவம்பர் 9, பனிமூட்டம், வீதி விபத்து. யதுசனுக்கு வயது இருபத்திரண்டு.

முப்பத்தோராம் நாள் முடிந்து வேலைக்கு வந்த கனகலிங்கம் நேரே அந்த அடுக்கின் முன் போய் நின்றார். பிறகு ஒவ்வொரு காலையும் நின்றார். ஒரு கோட்டை விரலால் தடவிவிட்டுத்தான் வேலை தொடங்குவார். படம் எடுத்து வையும் என்றேன். படத்தில் பெயின்ற்றின் தடிப்பு விரலுக்குத் தெரியாது என்றார். மனைவி குணேஸ்வரிக்கு இதைச் சொல்லவில்லை. மகனின் பேரை எடுத்தால் அவ இரண்டு நாள் சாப்பிடமாட்டா.

2024 கோடையில் பீலிக்ஸ் தயங்கித் தயங்கி வந்து, அந்த ஆண்டு மது இனியும் பொறுக்காது, திறந்து மண்டி நீக்கித் தக்கை அடிக்க வேண்டும் என்றார். லேபல் ஒட்டுமுன் கழுவுவார்கள். கழுவினால் கோடு போய்விடும். கனகலிங்கம் ஒன்றை மட்டும் திறக்காமலும் கழுவாமலும் தரக் கேட்டார். எத்தனை வேண்டுமானாலும் எடுக்கச் சொன்னார் பீலிக்ஸ். ஒன்று போதும் என்றார்.

செப்டம்பர் 9 முதல் இருபத்தொரு நாளும் அவரே திருப்பினார். நான் பதிந்தேன்: உடைந்தது 6, கழுவியது 1,133, கழுவாதது 1.

அந்த ஒன்றை, இறங்கிய மண்டி கலங்காமலிருக்க, மணல் வாளியில் கழுத்துக் கீழாகச் செருகி வீட்டுக்குக் கொண்டுபோனார். பிள்ளை வேலை செய்த போத்தல் என்று மட்டும் குணேஸ்வரியிடம் சொன்னார். மது நுழையாத வீடு அது. அவ வாளியை வைக்க இடம் ஒதுக்கிக் கொடுத்தா.

ஒக்ரோபர் 30, ஒன்பதாவது ஆண்டுத் திதி. கனகலிங்கம் பூ வாங்கப் போயிருந்தார். மகனின் படத்துக்கு முன் அவனுக்குப் பிடித்ததெல்லாம் படைத்த குணேஸ்வரி, வாளியிலிருந்து அந்தப் போத்தலையும் எடுத்தா. படையலுக்கு வைப்பது சுத்தமாக இருக்க வேண்டும். சுடுதண்ணீரில் கழுவி, கம்பித்தும்பால் தேய்த்து, சந்தனப் பொட்டு வைத்து நிமிர்த்தி வைத்தா. பூவோடு வந்தவரிடம் காட்டினா.

"அடியில பெயின்ற் ஊத்தை பிடிச்சுக் கிடந்தது. எவ்வளவு உரஞ்சினனான் தெரியுமே. இப்ப வடிவாக் கிடக்கு, பாருங்கோ."

"ஓம், வடிவாத்தான் கிடக்கு" என்றாராம்.

மறுநாள் எனக்குச் சொன்னார். அவவிடம் உண்மையைச் சொன்னீரா என்று கேட்டேன்.

"ஏலாதண்ணை. பிள்ளையைக் குளிப்பாட்டிற மாதிரிக் கழுவியிருக்கிறா. நேற்றுத்தான் அவன்ர பேரைச் சொல்லிப்போட்டு அழாமல் நிண்டவ."

நிமிர்த்தியதில் உள்ளே மண்டி கலங்கிவிட்டது. அதை இறக்க அவருக்கு இருபத்தொரு நாள் போதும். அவர் போத்தலைத் தொடவில்லை. அது இன்றும் படத்துக்கு முன் கலங்கியபடி நிற்கிறது.

பதிவேட்டில் அந்த வரியைத் திருத்த வேண்டும். கழுவாதது 0. நான் இன்னும் திருத்தவில்லை.